குன்றத்தூரில் ஒரு கல்லறை

தாம்பரத்தில் பூவிருந்தவல்லிப் பேருந்தில் ஏறி அமர்ந்தால் குரோம்பேட்டை, பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர் என ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கும் ஊர்களைக் கடந்து, அடையாற்றைத் தாண்டியபின் ஒரு சிறு குன்று கண்ணில் படும். அக்குன்றினால் பெயர் பெற்ற ஊரே குன்றத்தூர். என் இளமையில் இவ்வூர்களுக்கு இடையே வயலும் பனைமரமும் இருந்தன. 2021-இல் குன்றத்தூர் நகராட்சியாகிவிட்டது. வண்டலூரிலிருந்து மீஞ்சூர் செல்லும் வெளிவட்டச் சாலை அதன் அருகே ஓடுகிறது. ஆயினும் ஆண்டுதோறும் நவம்பர் 2-ஆம் நாள், கல்லறைத் திருநாளன்று, கையில் ஒரு கட்டு மெழுகுவர்த்தியும் சாமந்தி மாலையும் கொண்டு நான் அப்பழைய பாதையிலேயே செல்கிறேன். அங்கே என் சின்னம்மா துயில்கிறார்.

என்னை ஈன்ற அன்னை 1961-இல் இறந்தார். அப்போது எனக்கு நான்கு வயது. அன்னையின் தங்கை திருமணமாகிக் குன்றத்தூருக்கு வந்து ஓராண்டுகூட நிறைவுறவில்லை. அடக்கம் முடிந்த அன்று மாலை, யாரையும் கேளாமல், என் சட்டைகள் இரண்டை மடித்துப் பைக்குள் வைத்து, என் கையைப் பிடித்துப் பேருந்தில் ஏற்றினாராம். சித்தப்பா தொடக்கப் பள்ளி ஆசிரியர். அவரும் மறுசொல் கூறவில்லை. பின்னர் அவர்களுக்கு ஒரு மகனும் ஒரு மகளும் பிறந்தனர். மூவரும் ஒரே பாயில் உறங்கினோம். ஒரே தட்டில் மிஞ்சியதைப் பகிர்ந்தோம்.

ஆனால் ஒன்றில் மட்டும் வேறுபாடு இருந்தது. தம்பியும் தங்கையும் 'அம்மா' என்று அழைத்தனர். நான் 'சின்னம்மா' என்று அழைத்தேன். ஆறு வயதில் ஒரு நாள், அவர்களைப் பார்த்து நானும் 'அம்மா' என்று அழைத்துவிட்டேன். அடுப்படியிலிருந்து எழுந்து வந்து என்னை மடியில் அமர்த்திக்கொண்டார். "கண்ணு, அந்தப் பேரு எங்க அக்காவுக்கு உரியது. நீயும் கூப்பிடலன்னா அவளை அப்படிக் கூப்பிட இந்த உலகத்துல யாரு இருக்கா?" என்றார். அதன்பின் நான் அவ்வாறு அழைத்ததில்லை. ஆனால் பள்ளியில் பிற பிள்ளைகள் கேட்கும்போது, எனக்கு ஏதோ குறைத்துத் தரப்பட்டதுபோல் மனம் வாடும். அவ்வாட்டம் வளர்ந்தபின்னும் முற்றிலும் நீங்கவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆண்டுதோறும் கல்லறைத் திருநாளன்று சின்னம்மா என்னைப் பல்லாவரத்துக்கு அழைத்துச் செல்வார். அங்கேதான் என் அன்னையின் கல்லறை. புல்லைக் கொத்தி, சுண்ணாம்பு அடித்து, மெழுகுவர்த்தியை என் கையில் கொடுத்து, "அம்மான்னு கூப்பிட்டு ஏத்து" என்பார். காற்றில் சுடர் அணைந்தால் தம் முந்தானையால் மறைத்துக்கொள்வார். அன்னையின் முகம் எனக்கு நினைவில் இல்லை. அவர் பாடிய பாட்டு, அவருக்குப் பிடித்த மீன்குழம்பு, அவர் கோபம் எல்லாம் சின்னம்மா சொல்லிச் சொல்லி என் நினைவாயின.

குன்றத்தூருக்குப் புகழ் தந்தவர் பெரியபுராணம் பாடிய சேக்கிழார். 12-ஆம் நூற்றாண்டில் சோழப் பேரரசில் அமைச்சராய் இருந்தவர். அவர் எடுப்பித்த திருநாகேச்சரக் கோயில் இன்றும் இவ்வூரில் உள்ளது. தமிழாசிரியர் ஒருவர் வகுப்பில் அந்நூலிலிருந்து திலகவதியாரின் வரலாற்றைச் சொன்னது என் நெஞ்சில் பதிந்துவிட்டது. பெற்றோர் இருவரும் மறைந்தனர். மணம் பேசப்பட்ட கலிப்பகையாரும் போரில் மாண்டார். தாமும் உயிர்விடத் துணிந்த அப்பெண், தம்பி மருள்நீக்கியாருக்காகவே உயிர் தாங்கினார். அத்தம்பியே பின்னாளில் நாவுக்கரசர் எனப்பட்டார். வீடு திரும்பி இக்கதையைச் சின்னம்மாவிடம் சொன்னேன். வேற்றுச் சமயக் கதையாயிற்றே என்று அவர் தயங்கவில்லை. "அவ அக்காவாவே இருந்துதான் அவனை வளர்த்தா, பாரு" என்றார். அப்போது எனக்கு அதன் பொருள் விளங்கவில்லை.

குன்றத்தூர் அந்நாளில் பட்டு நெசவுக்கும் பேர்போன ஊர். எங்கள் தெருவில் தறியோசை விடியலில் தொடங்கி விளக்கு வைக்கும் வரை கேட்கும். பிற்பகல் நேரங்களில் சின்னம்மா எதிர்வீட்டு நெசவாளர் இல்லத்தில் இருப்பார். அக்கம்பக்கத்தாரோடு பொழுதுபோக்கச் செல்கிறார் என்றே எண்ணியிருந்தேன்.

2015 டிசம்பர் 1-ஆம் நாள் இரவை இப்பகுதி மக்கள் மறக்கமாட்டார்கள். 24 அடி ஆழமுள்ள செம்பரம்பாக்கம் ஏரி நிரம்பி, நொடிக்கு ஏறத்தாழ 29,000 கன அடி நீர் அடையாற்றில் திறந்துவிடப்பட்டது. கரையோரக் குடியிருப்புகள் மூழ்கின. சித்தப்பா மறைந்தபின் தனியே வாழ்ந்த சின்னம்மா, மேட்டுத் தெருவிலிருந்த தம் வீட்டைத் திறந்துவிட்டார். மின்சாரமும் தொலைபேசியும் இல்லாத அந்நாள்களில், முன்பின் அறியாத மூன்று குடும்பங்களுக்குக் கஞ்சி காய்ச்சினார். சாலை திறந்ததும் பதறியடித்துச் சென்ற எனக்கு வாசலிலேயே ஒரு குழந்தை, "பாட்டி தூங்குறாங்க, சத்தம் போடாதீங்க" என்று ஆணையிட்டது.

2018 தவக்காலத்தில் சின்னம்மா இறைவனடி சேர்ந்தார். திருப்பலிக்குப்பின் பெட்டியை மூடும் வேளையில் எழுந்த குரல்கள் என் காதில் இன்னும் ஒலிக்கின்றன. பிள்ளைகள் 'அம்மா' என்றனர். தாய்மாமனின் மக்கள் 'அத்தை' என்றனர். தெருப் பெண்கள் 'அக்கா' என்றனர். நான் 'சின்னம்மா' என்றேன். ஒருவருக்கு இத்தனை பெயரா என்று வியந்தேன்.

முப்பதாம் நாள் நினைவுத் திருப்பலிக்கு எதிர்வீட்டு மூதாட்டியும் வந்திருந்தார். என் கையைப் பற்றிக்கொண்டு, "உன் பள்ளிக்கூடச் சம்பளம் எங்க வீட்டுத் தார்லதான் வந்துது தம்பி, தெரியுமா?" என்றார். தார் சுற்றுவது என்பது ஊடை நூலை இராட்டையில் சிறு குச்சிகளில் சுற்றித் தருவது. ஓடும் நாடாவில் பொருத்துவதற்காக அதைச் செய்வார்கள். கூலி சொற்பம். சித்தப்பாவின் சம்பளம் தம் பிள்ளைகளுக்கென்றும், அக்காள் மகனுக்குத் தம் உழைப்பென்றும் சின்னம்மா பகுத்து வைத்திருந்தாராம். கணவருக்குச் சுமையாகிவிட்டான் என்று ஒருவரும் என்னைச் சொல்லிவிடக் கூடாது என்பதே அவர் எண்ணம். பத்து ஆண்டுகள் பிற்பகல்தோறும் அவர் சுற்றிய நூல், என் கல்வி. அதுவரை குறைத்துத் தரப்பட்டதாக நான் எண்ணியிருந்ததை நினைத்து, ஆலய வாசலிலேயே தலைகுனிந்து நின்றேன்.

அவ்வாண்டு அக்டோபரில் கல்லறைக்குக் கல் பதிக்க ஏற்பாடாயிற்று. கல்தச்சர் வாசகம் கேட்டார். பெயரும் இரு தேதிகளும் எழுதியாயிற்று. கீழே என்ன எழுதுவது? 'எங்கள் அன்புத் தாய்' என்று பொறிக்கப் பிள்ளைகளுக்கு உரிமை உண்டு. நான் விலகி நின்றேன். தம்பி தாளை என்னிடம் நீட்டினான். "அண்ணா, 'அம்மா'ன்னு மட்டும் போடலாம். மூணு பேரும் சேர்ந்து சொல்ற மாதிரி" என்றான். "சின்னம்மா ஒத்துக்கமாட்டாங்களே" என்றேன். "பெரியம்மா பேரைக் காப்பாத்தத்தான் அம்மா அப்படிச் சொன்னாங்க. நீங்க இத்தனை வருஷம் காப்பாத்திட்டீங்க. பெரியம்மாவும் கோவிச்சுக்கமாட்டாங்க" என்றாள் தங்கை.

அதற்குமேல் நான் மறுக்கவில்லை. சிலுவையடியில் நின்றவர்களை யோவான் நற்செய்தி குறிப்பிடும்போது, இயேசுவின் தாயையும் தாயின் சகோதரியையும் அடுத்தடுத்துச் சொல்கிறது. அவ்விருவரும் அருகருகே நிற்பது எனக்கு அன்று ஆறுதலாயிற்று. அவ்வாண்டு கல்லறைத் திருநாளன்று காலையில் பல்லாவரம் சென்று, 'அம்மா' என்று சொல்லி ஒரு சுடர் ஏற்றினேன். மாலையில் குன்றத்தூர் சென்று, அறுபத்தொரு வயதில், அதே சொல்லைச் சொல்லி மற்றொரு சுடர் ஏற்றினேன்.

அன்புள்ள வாசகர்களே, நம் மொழி தாயின் உடன்பிறந்தாளைச் சின்னம்மா, பெரியம்மா என அழைத்து, அவர் பெயருக்குள்ளேயே 'அம்மா'வை வைத்திருக்கிறது. அவர் பிள்ளைகள் நமக்கு உடன்பிறப்புகள் என்றும் கற்பிக்கிறது. இன்றைய பிள்ளைகளின் நாவில் எல்லாரும் 'ஆன்ட்டி' ஆகிவிட்டனர். வரும் கல்லறைத் திருநாளன்று அவர்களையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். ஒவ்வொரு கல்லறையின் அருகிலும் நின்று, இவர் உனக்கு என்ன உறவு, இவர் யாரை வளர்த்தார் என்று சொல்லுங்கள். மெழுகுவர்த்தியை அவர்கள் கையிலேயே கொடுங்கள்.