நல்ல நாளைத்தான் நம்பக் கூடாது

திங்கள்

காலை 5.30. நேற்று ஒன்பதரைக்கெல்லாம் படுத்தாயிற்று. நடுவில் விழித்த ஞாபகம் இல்லை. ஆனாலும் உடம்பு அடித்துப் போட்டாற்போலக் கிடக்கிறது. தலை பின்னக் கையைத் தூக்கினால் பாதிப் பின்னலில் தோள் கடுத்துக் கை தானாக இறங்குகிறது. கொஞ்ச நேரம் மடியில் வைத்திருந்துவிட்டு மீதியைப் பின்னி முடித்தேன். மாமியார் வாசலில் நின்று பார்த்தார். "இவ்வளவு நேரம் தூங்கினியேம்மா, இன்னும் என்ன அசதி?" குத்தலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே புரியாமல் கேட்டார். பள்ளிக்கூடம் கிளம்புகிற அவசரத்தில் பதில் சொல்ல முடியவில்லை.

செவ்வாய்

மாமியாருக்கு இன்று சாவகாசமாகச் சொன்னேன். 1975-இல் கனடாவின் டொரன்டோ நகரத்தில் ஹார்வி மோல்டாஃப்ஸ்கி என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் என்னைப் போன்ற ஃபைப்ரோமயால்ஜியா நோயாளிகளின் தூக்கத்தில் மூளை அலைகளைப் பதிவு செய்தார்கள். ஆழ்ந்த தூக்கத்துக்குரிய மெதுவான டெல்டா அலைகளுக்கு நடுவே, விழித்திருக்கும்போது வரவேண்டிய ஆல்ஃபா அலைகள் புகுந்திருந்தன. பிறகு நல்ல ஆரோக்கியமான மாணவர்கள் சிலர் ஆழ்ந்த தூக்கத்துக்குள் போகும்போதெல்லாம் சத்தம் எழுப்பிக் கலைத்துப் பார்த்தார்கள். சில இரவுகளிலேயே அந்த மாணவர்களுக்கும் தசைகளைத் தொட்டால் வலித்தது, அசதியும் வந்தது. அந்த அலைக் கலப்பு ஃபைப்ரோமயால்ஜியா உள்ள எல்லோரிடமும் தெரிவதில்லை என்பதும் உண்மை. ஆனால் எத்தனை மணி நேரம் படுத்தோம் என்பதும் எவ்வளவு தூங்கினோம் என்பதும் வேறு வேறு கணக்கு என்று அந்த ஆய்வு காட்டியது.

1990-இல் வந்த அமெரிக்க வரையறை, உடம்பில் 18 இடங்களை அழுத்திப் பார்த்து 11-இல் வலித்தால்தான் இந்த நோய் என்றது. 2010-இல் அதைத் திருத்தியபோது அசதிக்கும், தூங்கியும் தெளியாமல் எழுவதற்கும், மூளை மந்தத்துக்கும் தனித்தனியே 0 முதல் 3 வரை மதிப்பெண் கொடுத்தார்கள். நாள் பூராவும் பிள்ளைகளுக்கு மார்க் போடுகிற எனக்கு அது பிடித்திருந்தது.

புதன்

நாத்தனார் போனில் வந்தாள். "அண்ணி, நீங்க சாப்பிடறது டிப்ரஷன் மாத்திரையாமே? கூகுள்ல போட்டிருக்கு." அமிட்ரிப்டிலின்தான். மனச்சோர்வுக்குக் கொடுக்கும் அளவைவிட மிகக் குறைவாக, இரவில் 10 மில்லிகிராம். இந்த அளவில் அது வலியைத் தணித்துத் தூக்கத்தைக் கொஞ்சம் சீராக்கத்தான் என்று விளக்கினேன். காலையில் வாய் வறண்டு தலை கனத்தது. மருத்துவரிடம் சொன்னேன். படுக்கப் போகும்போது போடாமல் ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் போடச் சொன்னார்.

மாத்திரை எழுதுவதற்கு முன்பே அவர் தைராய்டும் ரத்தத்தில் இரும்புச் சத்தும் பார்த்துவிட்டார். "இவங்க குறட்டை விடுறாங்களா? நடுவுல மூச்சு நின்னு நின்னு வருதா?" என்று என் கணவரிடம் கேட்டார். ராத்திரியில் கால் துருதுருவென்று ஆட்டச் சொல்கிறதா என்று என்னிடம் கேட்டார். தூக்கத்தில் மூச்சுத் தடைபடுவதும் கால் அமைதியின்மையும் இந்த நோயோடு சேர்ந்து வரக்கூடியவை. எல்லா அசதியையும் ஒரே நோயின் தலையில் கட்டிவிட்டால் அவை மறைந்து நிற்கும்.

வியாழன்

நேற்று ராத்திரி இரண்டு மணிக்கு முழிப்பு வந்துவிட்டது. இருபது நிமிஷம் போல் ஆகியும் தூக்கம் வராவிட்டால் கட்டிலில் கிடக்கக் கூடாது என்பது தூக்கமின்மைக்கான நடத்தைச் சிகிச்சையில் ஒரு விதி. கடிகாரத்தைப் பார்க்காமல் ஒரு குத்துமதிப்பில் எழுந்து ஹாலில் மங்கலான விளக்கடியில் உட்கார்ந்திருந்தேன். கண் சொக்கியதும் திரும்பிப் போனேன். எப்போது தூங்கினாலும் 5.30-க்கு எழுந்தே ஆகவேண்டும் என்பது இன்னொரு விதி. இதுதான் கசப்பு மருந்து. படுக்கும் நேரம் நம் கையில் இல்லை, எழும் நேரம் இருக்கிறது.

ஆசிரியர் அறையில் மூன்றரை மணி டீயை நிறுத்திவிட்டேன். காப்பியிலும் டீயிலும் உள்ள காஃபீனில் பாதி கழியவே சுமார் 5 மணி நேரம் ஆகும். கடைசிப் பீரியடில் கொட்டாவி வந்தது, வரட்டும்.

சனி

எழும்போதே உடம்பு லேசாக இருந்தது. இதுதான் எனக்கு ஆபத்தான நாள். பரணை ஒழிக்கலாமா, கிரைண்டரில் மாவு போடலாமா, போர்வைகளைத் துவைக்கலாமா, காலாண்டு விடைத்தாள் கட்டு முழுவதையும் ஒரே மூச்சில் திருத்திவிடலாமா என்று மனசு பறக்கிறது. சம்பளம் வந்த அன்றே கடை கடையாக ஏறி இறங்குபவர் கதைதான் இது. அப்படி ஓடினால் ஞாயிறும் திங்களும் படுக்கைதான், பகலில் படுத்துக் கிடந்தால் ராத்திரித் தூக்கமும் போச்சு.

வேலையை நிரவிச் செய்வது என்றால் முடியாத நாளில் ஓய்வெடுப்பது என்று நினைப்பார்கள். முடிகிற நாளில் பாதியில் நிறுத்துவதுதான் அதன் சாரம். பத்துத் தாள் திருத்தினேன், எழுந்து நடந்தேன், மறுபடி பத்து. மாவுக் கடையில் பாக்கெட் வாங்கினேன். பரண் அப்படியே இருக்கிறது.

சாயங்காலம் கால் மணி நேரம் நடை. 2017-இல் ஐரோப்பிய வாதநோய் அமைப்பு வெளியிட்ட பரிந்துரைகளில் வலுவாகச் சொல்லப்பட்ட ஒரே சிகிச்சை உடற்பயிற்சிதான். மருந்துகளுக்கெல்லாம் அதைவிடக் குறைந்த சிபாரிசுதான். ஆனால் அதிலும் இதே கதை. உற்சாகத்தில் ஒரு மணி நேரம் நடந்தால் மறுநாள் நடை கிடையாது. கால் மணி நேரம் பழகிய பிறகுதான் சில நிமிஷம் கூட்டவேண்டும்.

ஞாயிறு

வலி இருக்கிறது. ஆனால் பின்னலை ஒரே மூச்சில் பின்னினேன். மாமியாரிடம் ஒரு உத்தியோகம் கொடுத்திருக்கிறேன். நான் படுத்திருந்தால் கஞ்சி வைத்துத்தர வீட்டில் எல்லோரும் இருக்கிறார்கள். ஓடியாடித் திரிகிற அன்று "போதும், உக்காரும்மா" என்று அதட்ட ஒரு ஆள் வேண்டும். மத்தியானம் துணி மடிக்க எடுத்தபோது முதல் அதட்டல் விழுந்தது. பாதியை அப்படியே கூடையில் போட்டுவிட்டு உட்கார்ந்தேன்.