கழுவெளிக்கு எந்தக் கட்டம்?

எக்செல் தாளில் 'நில வகை' என்ற கட்டத்தைத் தொட்டால் ஐந்து சொற்கள் கீழே இறங்கும். நன்செய், புன்செய், நத்தம், நீர்நிலை, தரிசு மற்றும் பிற. அந்த ஐந்தில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிட்டு அடுத்த வரிக்குப் போக வேண்டும். இரண்டு மாத இன்டர்ன்ஷிப்புக்காகச் சென்னை வந்திருந்த மாணவிக்கு முதல் இரண்டு வாரம் சிக்கல் ஏதும் இல்லை. மூன்றாவது வாரம், தென்சென்னைப் பக்கத்துக் கிராமம் ஒன்றின் பழைய பதிவேட்டுப் பக்கத்தில் ஒரு சொல் வந்து நின்றது. 'கழுவெளி, புறம்போக்கு.'

அவள் மரக்காணம் பக்கத்துப் பெண். அவளுக்குக் கழுவேலி என்றால் ஏரி. மழை முடிந்ததும் கண்ணுக்கு எட்டிய மட்டும் தண்ணீர், அதன் மேல் பறவை. 2021-ல் அரசு அதைப் பறவைகள் சரணாலயமாகவே அறிவித்துவிட்டது. அந்தச் சொல்லை எந்தக் கட்டத்தில் போடுவது?

"தரிசு மற்றும் பிறன்னு போட்டுடும்மா. இன்னும் மூணு கிராமம் இருக்கு" என்றார் பக்கத்து மேசை அக்கா. கெட்ட எண்ணத்தில் சொன்னதல்ல. அந்த வார இறுதிக்குள் வரைபடம் போக வேண்டும். வரைபடத்தில் தரிசுக்கு இளமஞ்சள் நிறம். மஞ்சளைப் பார்ப்பவர்களுக்கு அது 'பயன்படாமல் கிடக்கும் நிலம்'. குறிப்புப் பெட்டியிலும் அப்படித்தான் எழுதியிருந்தது.

நில நிர்வாகத் தரவு ஆய்வு என்றால் பெரிய பெயர். நடைமுறையில் அது சோறு வடிப்பதற்கு முன் அரிசியில் கல் பொறுக்குகிற வேலை. தமிழ்நாட்டுக் கிராமம் ஒவ்வொன்றுக்கும் ஒரு அ-பதிவேடு உண்டு. புல எண், உட்பிரிவு, அரசு நிலமா ரயத்துவாரியா, நன்செய்யா புன்செய்யா, மண் தரம், தீர்வை, பரப்பு, பட்டாதாரர் பெயர் எல்லாம் வரிசையாக அதில் இருக்கும். பயிர் விவரத்துக்கு அடங்கல் தனி. ஒவ்வொரு புலத்துக்கும் வரைபடம் தனி. இவை மூன்றும் ஒன்றோடு ஒன்று பொருந்துகிறதா, செயற்கைக்கோள் படத்தோடு பொருந்துகிறதா என்று பார்ப்பதுதான் அவளுடைய வேலை.

முதல் நாளே கணினி அவளை அழவைத்தது. பரப்பு 0.40.50 என்று இருக்கும். அதாவது 0 ஹெக்டேர், நாற்பதரை ஏர்; நம் கணக்கில் ஒரு ஏக்கர். இரண்டு புள்ளி இருப்பதால் எக்செல் அதை எண் என்றே ஏற்காது. நூறு வரியைக் கூட்டச் சொன்னால் பூஜ்யம் என்று பதில் சொல்லும். பதிவேடு ஹெக்டேரில் பேச, கிரயப் பத்திரம் சென்ட்டில் பேசும். இன்னும் பழைய பத்திரம் காணி என்று ஆரம்பிக்கும். ஒரு காணிக்கு 24 மனை, ஒரு மனைக்கு 2,400 சதுர அடி. பெயர்களோ இன்னும் மோசம். ஒரே ஆள் ஒரு வரியில் முதலெழுத்தோடு வருவார், இன்னொரு வரியில் அப்பா பெயரோடு வருவார். பெண்கள் பல இடங்களில் 'இன்னார் மனைவி' என்றே வருவார்கள்.

இதையெல்லாம் சரிசெய்ய வழி இருக்கிறது. கழுவெளிக்கு மட்டும் இல்லை. சனிக்கிழமை மாலை அக்காவிடம் கேட்டாள்: "நேர்ல போய் ஒரு தடவை பாத்துட்டு வந்துடட்டுமா அக்கா?"

"ஞாயித்துக்கிழமையா? வெயில்ல சுத்தாதே. தொப்பி எடுத்துக்கோ."

காலை ஏழு மணிக்குப் பரங்கிமலை. படியேறிப் போனால் உச்சியில் போர்த்துக்கீசியர் கட்டிய பழைய தேவாலயம். அங்கேயே லாம்டனுக்கு ஒரு மார்பளவுச் சிலை உண்டு. பிரார்த்தனைக்கு வருபவர்களில் பெரும்பாலோர் அதைத் தாண்டிப் போய்விடுவார்கள். வில்லியம் லாம்டன் 1802 ஏப்ரலில் இந்த வட்டாரத்துச் சமதரையில்தான் தன் அடிக்கோட்டை அளந்தார். மலையை ஒட்டிய வெளியில் தொடங்கி தெற்கே பெரும்பாக்கம் குன்றுப் பக்கம் வரை சுமார் ஏழரை மைல், அதாவது 12 கிலோமீட்டர். நூறடி நீள எஃகுச் சங்கிலி. சித்திரை வெயிலில் எஃகு நீளும் என்பதால் சங்கிலியை மரப்பெட்டிகளில் கிடத்தி, வெப்பமானி வைத்து, நீண்ட அளவுக்குத் திருத்தம் செய்து எழுதினார்கள். அந்த ஒரு கோட்டிலிருந்து முக்கோணம் முக்கோணமாகப் பிரிந்து போய்த்தான் இமயம் வரை அளந்தார்கள்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். லாம்டன் அளந்தது யாருடைய வயலையும் அல்ல. அவருக்கு வேண்டியது பூமியின் வளைவு. வயலை அளந்து வரி போட்டது வருவாய்த் துறையின் வேறு சங்கிலி. புறம்போக்கு என்ற சொல் அந்த வரிக் கணக்கில்தான் வேர்விட்டது. தீர்வைக்குப் புறம்பே போனது புறம்போக்கு, அவ்வளவுதான் பொருள். ஏரி புறம்போக்கு, சுடுகாடு புறம்போக்கு, ஊர் நடக்கும் வண்டிப்பாதையும் புறம்போக்கு. நாளடைவில் அது ஆளைத் திட்டுகிற சொல்லானது நமக்குத் தெரியும். வரி தராத நிலத்தை உதவாத நிலம் என்று நினைக்கப் பழகிய பிறகுதானே வரி தராத மனிதனையும் அப்படித் திட்ட முடியும்!

உச்சியிலிருந்து தெற்கே பார்த்தால் இப்போது கட்டடம், கட்டடம், மேலும் கட்டடம். கைப்பேசியில் கிராம வரைபடத்தைத் திறந்து, திசை பார்த்து நின்றாள். தென்கிழக்கே கட்டடங்களுக்கு நடுவில் ஒரு பச்சைத் தட்டு தெரிந்தது. தரவுத் தாளில் அவள் மஞ்சள் பூச வேண்டிய இடம் அதுதான்.

வேளச்சேரி போய்ப் பஸ் மாறினாள். தாம்பரம் சாலையில் பஸ் போகும்போது ஒரு பக்கம் கடைகளும் அடுக்குமாடிகளும் ஓடிக்கொண்டே இருந்தன. சட்டென்று வீடுகள் நின்று காற்று வந்தது. பள்ளிக்கரணை. சம்பும் கோரையும் ஆளுயரம் நின்றன. இடையிடையே தகடு போலத் தண்ணீர். நாமக்கோழிகள் நீந்த, இலை மேல் கால் வைத்து நடந்தது ஓர் இலைக்கோழி. கூழைக்கடா இரண்டு தாழப் பறந்து போயின. தொலைவில் பெருங்குடிக் குப்பைமேடு. சதுப்பு நிலத்தின் மேலேயே பல ஆண்டுகளாகக் கொட்டி வளர்த்த மேடு அது. துரைப்பாக்கத்திலிருந்து பல்லாவரம் போகும் ரேடியல் சாலை சதுப்பைக் குறுக்கே வெட்டிப் போகிறது. பறக்கும் ரயில் பாதைக்கும், தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் போன்ற வளாகங்களுக்கும் இடம் கிடைத்தது இந்த ஈரத்திலிருந்துதான். யாரும் திருட்டுத்தனமாகச் செய்ததல்ல. பதிவேட்டைத் திறந்தார்கள், காலி நிலம் என்று படித்தார்கள்.

சுமார் 250 சதுர கிலோமீட்டர் பரப்பில் பெய்யும் மழை, ஏரி ஏரியாக வழிந்து இங்கே வந்து இளைப்பாறி, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்குப் போய், கோவளம் பக்கம் கடலைச் சேரும். 2015 டிசம்பரில் வேளச்சேரி வீடுகளுக்குள் புகுந்த வெள்ளத்துக்கு இந்த வழி குறுகிப்போனதும் ஒரு காரணம்.

ஓரத்தில் எருமை மேய்த்துக்கொண்டிருந்த பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தாள்.

"தாத்தா, இந்த இடத்துக்கு உங்க ஊர்ல என்ன பேரு?"

"சதுப்புன்னு போர்டு வெச்சுக்கீறாங்களே, பாக்கலியா?"

"அதுக்கு முன்னாடி?"

"கயுவெளி. எங்கப்பா காலத்துலேர்ந்து அதான் பேரு. ஏம்மா, அளக்க வந்துக்கீறியா?"

"அளக்கலை தாத்தா. எழுதுறேன்."

"அளக்க வர்றவங்களும் மொதல்ல அப்படித்தான் சொன்னாங்க." சிரித்தார். பிறகு அவரே ஒவ்வொன்றாகக் கை காட்டினார். எருமை இறங்கும் இடம் இது, கோரை அறுக்கும் இடம் அது, மழைக்காலத்தில் மீன் ஏறும் வழி அதோ அது. அவள் கைப்பேசி வரைபடத்தில் புள்ளி புள்ளியாகக் குறித்துக்கொண்டாள். ஒரே புல எண்ணுக்குள் நான்கு புள்ளி. பதிவேட்டில் அந்த எண்ணுக்கு இருந்தது ஒரே ஒரு வரி.

பிற்பகல் ரேடியல் சாலைப் பக்கம் இருக்கும் வனத்துறையின் சூழல் பூங்காவுக்குப் போனாள். நடைபாதையில் குழந்தைகளோடு குடும்பங்கள். சதுப்பின் 317 ஹெக்டேர் 2007-ல் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. 2022-ல் சுமார் 1,247 ஹெக்டேர் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. அதாவது உலகம் முழுவதும் காக்கப்பட வேண்டிய ஈரநிலங்களில் இதுவும் ஒன்று. இடம் அதேதான். ஒரு தாளில் புறம்போக்கு, ஒரு தாளில் காப்புக்காடு, இன்னொரு தாளில் ராம்சர் தலம். மூன்று தாளும் மூன்று அலுவலகங்களில் இருக்கின்றன. அவற்றை ஒரே மேசைக்குக் கொண்டுவருவதைத்தான் அவளுடைய பயிற்சிக் கடிதத்தில் 'அறிவு மேலாண்மை' என்று எழுதியிருந்தார்கள். கடிதத்தைப் படித்தபோது அவளுக்கு அது புரிந்திருக்கவில்லை.

நீங்களும் வீட்டிலிருந்தே இந்த விளையாட்டை ஆடிப் பார்க்கலாம். தமிழக அரசின் நில ஆவண இணையச் சேவையில் மாவட்டம், வட்டம், கிராமம், புல எண் கொடுத்தால் அ-பதிவேட்டு வரி கைப்பேசித் திரையிலேயே வரும். மனை வாங்கப் போகிறவர்கள் தாங்கள் வாங்கும் எண்ணை மட்டும் பார்ப்பார்கள். பக்கத்து எண்கள் நான்கையும் பார்ப்பது நல்லது. அதில் ஓடை என்றோ கழுவெளி என்றோ இருந்தால், மழைக்காலத்தில் ஒருமுறை போய் நின்றுவிட்டு வந்து முன்பணம் கொடுங்கள்.

திங்கட்கிழமை அக்கா வருவதற்குள் அவள் ஒரு பக்கம் எழுதி வைத்திருந்தாள். கழுவெளி: வேறு வடிவங்கள் கழிவெளி, கழுவேலி, பேச்சில் கயுவெளி. பொருள்: மழைநீர் பரந்து தங்கும் தாழ்நிலம். பதிவேட்டு வகை: புறம்போக்கு. நேரில் கண்டது: தண்ணீர், சம்பு, மேய்ச்சல், மீன் வழி. சொன்னவர்: எருமை மேய்ப்பவர் ஒருவர்.

அக்கா நின்றபடியே படித்தார். "பாத்த தேதி எங்கே? கோடையில பாத்ததுக்கும் ஐப்பசியில பாத்ததுக்கும் வித்தியாசம் இருக்குல்ல? தேதி இல்லாம யாரும் நம்ப மாட்டாங்க."

தேதியைப் போட்டாள்.

"நீர்நிலைன்னு போட்டுட்டா முடிஞ்சுதே, புதுக் கட்டம் எதுக்கு?"

"நீர்நிலைன்னா கரை இருக்கணும், மதகு இருக்கணும்னு நம்ம கையேட்டுல எழுதியிருக்கு அக்கா. இதுக்குக் கரையே இல்லை. கரை இல்லைங்கறதால மறுபடி தரிசுக்குத் தள்ளிடுவாங்க."

அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பட்டியலைத் திறந்து ஆறாவதாகக் கழுவெளி என்று தட்டச்சு செய்தார். நிறம் கேட்டது கணினி. சிறிது நேரம் யோசித்து நீலத்துக்கும் பச்சைக்கும் நடுவே ஒன்றைத் தேர்ந்தார்.

"வரைபடம் ரெண்டு நாள் தள்ளிப் போகும். நான் சொல்லிக்கறேன். முன்னாடி செஞ்சியே ரெண்டு கிராமம், அதுல 'பிற'ன்னு எத்தனை போட்டே?"

அவள் வடிகட்டிப் பார்த்தாள். பட்டியல் ஒரு திரைக்கு அடங்கவில்லை. முதல் வரியில் 'மேய்க்கால்' என்று இருந்தது.