கணினி மகாநாட்டில் நாம்

மகாநாடென்றால் மாலையும் வரவேற்புப் பத்திரமுமே நம் நினைவுக்கு வரும். சென்ற மாதம் ஜார்ஜ் டவுனில் கணினி நிரல் எழுதுவோர் கூடிய மகாநாட்டிற்கு முதன்முறையாகச் சென்றோம். தலைவருக்குத் தனி நாற்காலியில்லை. நீர் இன்னார் மகனாவென்று விசாரிப்பாருமில்லை. கழுத்தட்டையில் பெயர் மட்டுமே.

இன்டெல் கம்பெனி அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் தொழிற்சாலையை 1972-இல் நம் பயான் லெப்பாஸிலேதான் நிறுவிற்று. பிறகு ஆலைகள் பெருகின. நம் தமக்கையார் அவற்றுள் வேறொன்றில், நுண்நோக்கியில் கண் பதித்து, மயிரினும் மெல்லிய பொற்கம்பிகளைச் சில்லுகளில் இணைத்தவர். அச்சில்லு செய்யும் வேலை யாதென்று அவருக்கு ஒருவரும் சொல்லவில்லை. கண் மங்கியதே மிச்சம்.

மகாநாட்டில் தோட்டத்துப் பெண்ணொருத்தி ஆங்கிலத்தில் உபந்நியாசம் செய்தாள். நாம் ஓரெழுத்தென்று படித்த 'கொ', யூனிகோடு முறையில் ககரமும் ஒகரக் குறியுமாக இரண்டாம். ஒருமுறை அழித்தால் ககரம் எஞ்சி நிற்பது அதனாலேயாம். நமக்கொரு வினா எழுந்தது. ஆங்கிலம் தடுக்கவே உயர்த்திய கையை இறக்கிவிட்டோம். தேநீர் வேளையில் அவளிடம் சொன்னோம்.

"தமிழிலேயே கேட்டிருக்கலாமே, ஐயா! நான் சபைக்கு மொழிபெயர்த்திருப்பேனே" என்றாள்.

அடுத்த மகாநாட்டிற்குத் தமக்கையாரையும் அழைத்துச் செல்வதெனத் திரும்பும் பஸ்ஸிலேயே தீர்மானித்தோம். அவரிடம் வினாக்கள் நம்மினும் அதிகம்.