கடலடியில் ஒரு ஒண்டுக்குடித்தனம்!

மைசூரிலிருந்து தூத்துக்குடிக்குக் கிளம்பும் எக்ஸ்பிரஸ், பெங்களூரைத் தாண்டி இரவில் ஓசூரில் நிற்கும். சிப்காட்டில் வேலை பார்க்கும் தென்மாவட்டத்துப் பிள்ளைகள் ஊருக்குப் போகிற சந்தோஷத்தோடு ஏறுவார்கள். கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர் ஓசூர். தர்மபுரி, சேலம், மதுரை என இரவெல்லாம் இறங்கி ஓடும் ரயில், மறுநாள் பகலில் உப்புக்காற்றுக்குள் நுழையும்.

கிருஷ்ணகிரி மாவட்டத்துக்குக் கடல் கிடையாது. ஆனால், கண்ணாடித் தொட்டிக்குள் கடலைக் கொண்டுவர முடியும். கடையில் விற்கும் உப்புக் கலவையைச் சுத்தமான நீரில் கரைத்து, கல்லை அடுக்கி, விளக்கைப் போட்டால் ஹாலில் ஒரு குட்டிக்கடல் தயார். பெங்களூரின் இந்த ஆசை, 40 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஓசூரைத் தொடுவதில் ஆச்சரியமில்லை. அந்தத் தொட்டிகளுக்குள், கல்லோடு ஒட்டிக்கொண்டு சில சமயம் அழையா விருந்தாளி ஒன்றும் வந்துவிடும். வழவழப்பான தோல் மாதிரி, சாம்பலிலோ ஆரஞ்சிலோ ஒரு படலம். அழுக்கு என்று நினைத்துச் சுரண்டுகிறவர்களும் உண்டு.

அதன் பெயர் அசிடியன். தொட்டால் நீரைப் பீய்ச்சுவதால் ஆங்கிலத்தில் ‘சீ ஸ்க்விர்ட்’ என்பார்கள். பி.எஸ்ஸி. விலங்கியல் படித்தவர்களுக்கு ‘ஹெர்ட்மேனியா’ படம் வரைந்த ஞாபகம் இருக்கும். அது தனித்து வாழும் வகை. கல்லில் படலமாகப் படர்வது கூட்டமாக வாழும் வகை.

இதைச் சொந்த வீட்டில் பார்க்க ஏற்ற ஊர் தூத்துக்குடி. இங்குள்ள ஏ.பி.சி. மகாலட்சுமி மகளிர் கல்லூரியின் விலங்கியல் துறையினர், இந்தக் கடற்கரையின் அசிடியன்களைத் தேடி ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். துறைமுகத் தூண், மிதவை, கப்பலின் அடிப்பாகம், முத்துச்சிப்பியின் ஓடு என எங்கெல்லாம் பிடிமானம் கிடைக்கிறதோ அங்கெல்லாம் இவை குடியேறும். கரையேற்றிய படகின் அடியைச் சுரண்டுகிறவர்களுக்கு இவை வெறும் தொல்லை.

உற்றுப் பார்த்தால் அது ஒரு ஒண்டுக்குடித்தனம். ஒரே மேல்தோலுக்குள் நூற்றுக்கணக்கான குட்டி உயிர்கள். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வாய். பல வகைகளில், வடிகட்டிய நீர் வெளியேறும் வாசல் மட்டும் பொது. தூத்துக்குடிப் பக்கம் சாதாரணமாகக் கிடைக்கும் ‘டிடெம்னம் சம்மதோடஸ்’ சேற்று நிறத்தில் இருக்கும். தன் கழிவு உருண்டைகளையே அது தோலுக்குள் சேர்த்து வைத்துக்கொள்வதுதான் காரணம். அழுக்கு என்று நினைப்பவர்கள் மேல் தப்பில்லை!

ஆனால், இந்த ‘அழுக்கு’ நமக்குத் தூரத்துச் சொந்தம். இதன் குஞ்சு, தவளையின் தலைப்பிரட்டை போல வாலாட்டி நீந்தும். அந்த வாலுக்குள் முதுகுநாண் இருக்கும். தாயின் வயிற்றில் நாம் கருவாக இருந்தபோது நமக்கும் அது இருந்தது. முதுகெலும்பில்லாத உயிர்களில் நமக்கு மிக நெருங்கியவை இவைதான். நல்ல இடம் கிடைத்ததும் குஞ்சு தலைப்பக்கமாக ஒட்டிக்கொண்டு, வாலைத் தனக்குள்ளேயே கரைத்துவிடும். அதன் பிறகு பயணம் கிடையாது.

மருத்துவத்துக்கும் இந்தச் சொந்தம் உதவியிருக்கிறது. கரீபியன் கடலில் கூட்டமாக வாழும் ஓர் அசிடியனில் கண்டெடுத்த ‘ட்ராபெக்டிடின்’, 2007-ல் ஐரோப்பாவிலும் 2015-ல் அமெரிக்காவிலும் புற்றுநோய் மருந்தாக அனுமதி பெற்றது.

சரி, இதை ஓசூர் வீட்டுத் தொட்டியில் வளர்க்கலாமா? சிக்கல் சாப்பாட்டில் இருக்கிறது. நாள் முழுக்க நீரை உறிஞ்சி, கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களை வடிகட்டித் தின்பது இதன் வாழ்க்கை. மீன்தொட்டியிலோ நீர் பளிங்காக இருக்க வேண்டும் என்று ஃபில்டர் போடுகிறோம். நமக்குச் சுத்தம், அதற்குப் பட்டினி. சில சின்ன வகைகள் குழாயின் இருட்டு மூலையில் தப்பிப் பிழைக்கும். அழகுக்காக வாங்கும் வண்ண வகைகள் பெரும்பாலும் சில மாதங்களில் சுருங்கி அழுகும். அந்த அழுகல், கூட இருக்கும் மீன்களுக்கும் ஆபத்து.

இன்னொன்று, அது ஒட்டிக்கொண்டு வரும் கல். மன்னார் வளைகுடாவின் பவளப்பாறைகள் ஒரு காலத்தில் சுண்ணாம்புக்காக வெட்டப்பட்டவை. 2001 முதல் பவளங்கள், வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. கடலிலிருந்து எடுத்தால் குற்றம். ஹாலில் வைக்கும் ஒரு கல்லுக்குப் பின்னால் பாறையின் ஒரு துண்டு போயிருக்கலாம். தொட்டி வைத்தே தீருவேன் என்பவர்கள், செயற்கைக் கல்லைக் கேட்டு வாங்குவது நல்லது.

அதைவிட ரயில் டிக்கெட் மலிவு. ஜனவரியிலிருந்து மார்ச்சுக்குள் போனால் கடல் பெரும்பாலும் அமைதியாக இருக்கும். துறைமுகத்துக்குள் நினைத்தபடி நுழைய முடியாது. 21 தீவுகள் அடங்கிய தேசியப் பூங்காவுக்குள் போக வனத்துறை அனுமதி வேண்டும். காணும் பொங்கலுக்கு ஊரே கூடும் முயல் தீவுக் கரைக்குக் குழந்தைகளைக் கூட்டிப் போகலாம். நீர் வடிந்த நேரத்தில் கல்லை மெல்லத் திருப்பி அடிப்பக்கத்தைப் பாருங்கள். பார்த்தபின் இருந்தபடியே திருப்பி வைத்துவிடுங்கள். வெயிலில் கிடந்தால் அந்தக் குடித்தனம் மொத்தமும் காய்ந்துபோகும்.