முதல்ல காத்து, பிறகு நெல்லு

மில் எங்கே என்று யாரிடமும் கேட்கவில்லை. பண்ணைப் பாலம் தாண்டித் தீவுக்குள் நுழைந்து, வேலணை, சரவணை கடந்து புளியங்கூடலில் இறங்கியதுமே தெரிந்துவிட்டது. பனை வடலிகளுக்கு அப்பால் ஒரு தகரக் குழாயின் வாயிலிருந்து உமி தூறலாய்க் கொட்டிக்கொண்டிருந்தது. கீழே ஆள் உயரக் குவியல். மாசி மாதம். மழையை நம்பி ஆண்டுக்கு ஒருமுறை விளையும் வயல்கள் அறுவடை முடிந்து வெறித்துக் கிடந்தன. நெல் மூட்டைகள் சைக்கிளிலும் லாண்ட்மாஸ்ரரிலும் வந்து வாசலில் வரிசை கட்டியிருந்தன.

“உமிக்குள்ளை நிக்காதேங்கோ தம்பி, உடம்பெல்லாம் கடிக்கும். உள்ளுக்கு வாங்கோ.”

மில்லை நடத்துபவருக்கு அறுபது கடந்துவிட்டது. இளவயதில் காங்கேசன்துறை சீமெந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். 1950இல் உற்பத்தி தொடங்கிய அந்த ஆலை 1990இல் போரோடு நின்றுபோனது. இவரும் ஊரும் இடம்பெயர்ந்து, பல ஆண்டு கழித்துத் திரும்பி வந்து தொட்ட தொழில் இது.

முதலில் நெல்லின் பின்னாலேயே நடந்தேன். தரையிலுள்ள குழியில் கொட்டும் நெல்லை, பெல்ட்டில் கோத்த சிறு வாளிகள் அள்ளி மேலே ஏற்றுகின்றன. வெவ்வேறு வேகத்தில் சுழலும் இரண்டு றப்பர் உருளைகளுக்கிடையே விழுந்து நெல் தோலுரிகிறது. அங்கேதான் காற்று நுழைகிறது. புளோவர் உமியை உறிஞ்சி எடுத்துக் குழாய்க்குள் தள்ள, அது கூரைக்கு மேலாக வளைந்து வெளியே போகிறது. நூறு கிலோ நெல்லில் ஏறத்தாழ இருபது கிலோ உமி. அவ்வளவும் ஒரு கூடைகூடத் தூக்காமல் தன்பாட்டில் வெளியேறுகிறது.

“நெல்லையும் காத்தாலேயே ஏத்தலாமே ஐயா, ஏன் வாளி?”

சிரித்தார். “காத்தாலை ஏத்தலாம். வளைவிலை அடிபட்டு அரிசி குறுநலாப் போகும். பிறகு சனம் என்னைத்தான் அடிக்கும்.”

ஒரு பதிலில் இந்தத் தொழிலின் பாதி கணக்கு அடங்கிவிட்டது. காற்றுக் குழாய் எந்தப் பக்கமும் திரும்பும், சுவரைத் துளைத்துப் போகும், தூசி வெளியே கசியாது. ஆனால் வாளியையும் பெல்ட்டையும்விட மின்சாரத்தை அதிகம் தின்னும். எளிதில் உடைகிற பொருளை உடைக்கும். ஒரு கன மீற்றர் காற்றின் எடை 1.2 கிலோ மட்டுந்தான். அவ்வளவு மெலிந்த ஒன்று சுமை தூக்க வேண்டுமானால் விரைந்து ஓடவேண்டும். இலேசான பொருட்களுக்கே செக்கனுக்கு 15 முதல் 20 மீற்றர் வேகம் வேண்டியிருக்கிறது. இருபது மீற்றர் என்றால் மணிக்கு 72 கிலோமீற்றர். வெளியே அந்த வேகத்தில் அடித்தால் புயல் என்போம்.

இந்தத் தீவுக்குக் காற்றைக்கொண்டு சரக்கு நகர்த்துவது புதிதல்ல. பக்கத்து ஊர்காவற்றுறை ஒருகாலத்தில் பாய்க்கப்பல்களின் துறைமுகம். வயலில் சூடு மிதித்தபின் சுளகோடு காற்றுக்காகக் காத்து நின்று பொலி தூற்றியவர்கள் இங்கே இன்னும் இருக்கிறார்கள். காற்று வரும்வரை வேலை நிற்கும். அந்தக் காத்திருப்பை முடித்தது விசிறியும் குழாயும். 1890களில் இலண்டன் மில்வோல் துறையில் டக்கம் என்ற பொறியாளர் கப்பலின் வயிற்றிலிருந்து தானியத்தைக் காற்றால் உறிஞ்சி இறக்கிக் காட்டினார். இன்று மா ஆலை, சீனி ஆலை, பிளாஸ்ரிக் தொழிற்சாலை என எங்கும் அதே வித்தைதான்.

“சீமெந்து வேறை மாதிரி,” என்றார். “காத்தை ஊட்டினாத் தண்ணி மாதிரி ஓடும். காத்துப் போனாக் கல்லு மாதிரி இருந்திடும்.” சீமெந்து ஏற்றிவரும் பவுசர் லொறிகள் உயர்ந்த சைலோவுக்குள் தம் சுமையை இறக்குவது இந்தக் குணத்தை நம்பித்தான். காற்றைக் கலந்துவிட்டால் தூள் நீராகிறது. கொம்பிறசர் அதைக் குழாயால் மேலே தள்ளிவிடுகிறது.

கூரையருகே குழாய் திரும்பும் இடத்தை அண்ணாந்து பார்த்தேன். வெல்டிங் ஒட்டுக்கு மேல் ஒட்டு. எல்லாம் வளைவின் வெளிப்புறத்தில். உமியை எரித்த சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா, அதாவது மணலின் சரக்கு. பாட்டிமார் உமிக்கரியால் பல் விளக்கியது அதனால்தான். பல்லின் ஊத்தையைத் தேய்க்கும் அதே பொருள், விரைந்து ஓடும்போது இரும்பைத் தேய்க்கிறது. புளோவரின் இலைகளும் அப்படியே தேயும். உமி அவற்றின் ஊடாகத்தானே போகிறது.

பழைய வளைவு ஓட்டை விழுந்து விழுந்து அலுத்துப்போய், அவர் இன்னொரு இடத்தில் ஒரு வேலை செய்திருந்தார். வளைத்த குழாய்க்குப் பதிலாக ‘ரீ’ வடிவத் துண்டு ஒன்றைப் பூட்டி, நேரே போகும் வாயைத் தகட்டால் அடைத்திருந்தார். அந்த மூலையில் கொஞ்சம் உமி தங்கிவிடும். பின்னால் வரும் உமி இரும்பில் மோதாமல் அதில் மோதித் திரும்பும். “உமியை உமியே தாங்கட்டும்,” என்றார். பெரிய ஆலைகளிலும் இந்த முட்டுச்சந்தைத்தான் வைக்கிறார்கள்.

பேசிக்கொண்டிருந்தவர் சட்டென்று நிறுத்தினார். எனக்கு எதுவும் கேட்கவில்லை. அவர் எழுந்துபோய் நெல் விழும் தட்டைப் பாதி மூடினார். குழாயின் இரைச்சல் ஒரு நெகிழ்வோடு மாறியது அப்போதுதான் என் காதுக்கு எட்டியது.

“அடைக்கப் பாத்தது. வேலைக்குப் புதுசா வாற பெடியள் என்ன செய்வாங்கள் தெரியுமோ? தள்ளு காணாது எண்டு இன்னும் நெல்லை விடுவாங்கள். பிறகு குழாயைக் கழட்டித் தடியாலை இடிக்கவேணும்.”

காற்றின் வலுவுக்கு மேல் சுமை விழுந்தால் வேகம் குறையும். வேகம் குறைந்தால் உமி குழாயின் அடியில் படியும். படிந்தது வழியைச் சுருக்க, சற்று நேரத்தில் முழுக் குழாயும் நின்றுபோகும். இதற்கு நூல்களில் கணக்குகள் உண்டு. அவரிடம் இருப்பது காது.

“இதிலை ஒரே ஒரு சட்டந்தான் தம்பி. தொடங்கேக்கை முதல்ல காத்து, பிறகு நெல்லு. நிப்பாட்டேக்கை முதல்ல நெல்லு, கடைசியாக் காத்து.”

தூசியைப் பற்றியும் எச்சரித்தார். 2008இல் அமெரிக்காவின் ஜோர்ஜியாவில் ஒரு சீனி ஆலையில் படிந்திருந்த சீனித்தூசி வெடித்துப் பதினான்கு பேர் இறந்ததை நான் சொன்னேன். அவர் வியக்கவில்லை. குழாயிலிருந்து நிலத்துக்கு இறங்கும் எர்த் வயரைச் சுட்டிக்காட்டினார். பீடிக்காரர்களுக்கு வாசலோடு சரி.

ஐந்து மணிக்குக் கடைசி மூட்டை முடிந்தது, ஒரு அம்மாவின் மொட்டைக்கறுப்பன் நெல். தட்டு மூடப்பட்டது. உருளைகள் நின்றன. சுவிச் என் பக்கத்தில் இருந்ததால் உதவுவதாக நினைத்துக் கை வைத்தேன்.

“பொறுங்கோ.”

தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டு நின்றார். சரசரப்பு மெலிந்து வெறும் ஊதலாக மாறியது. வெளியே குவியலின் மேல் விழுவதும் குறைந்து, ஒன்றிரண்டு உமியாகி, நின்றது. இன்னும் ஒரு நிமிடம் ஊத விட்டார்.

“இப்ப நிப்பாட்டுங்கோ.”