சாட்சி உண்டா தம்பி?

ஐயாவுக்குக் கணினி விளையாட்டு ஒன்றுகூடத் தெரியாது. தமிழ் நாளிதழ் ஒன்றில் நெடுங்காலம் பிழை திருத்திவிட்டு ஓய்வு பெற்றவர். பங்சார் லக்கி கார்டனில் மகள் வீட்டில் இருக்கிறார். இணைய விளையாட்டுகளில் நம் பையன்கள் பேசும் கொச்சைச் சொற்களுக்கு ஓர் அகராதி செய்யும் ஆசையோடு நான் கிள்ளானிலிருந்து அவரிடம் போய்ச் சேர்ந்தேன். எனக்கு விளையாட்டு தெரியும், சொல்லை நிறுத்தி விசாரிக்கத் தெரியாது. அவர் அதற்கு நேர்மாறு.

அவர் கற்றுக்கொடுத்த முறை இதுதான். ஒரு சொல்லுக்கு ஓர் அட்டை. மேலே சொல். அதன் கீழே, அது எழுத்தில் கிடைக்கும் மிகப் பழைய இடம், தேதியோடு. மூன்றாவது வரியில், அதைச் சொன்னவன் அந்த நேரத்தில் கையால் என்ன செய்துகொண்டிருந்தான் என்பது. ஊரில் உலவும் கதைக்கு இடம் கடைசியில், அதுவும் பென்சிலில்.

மூன்றாவது வரி எதற்கு என்பது ‘மாப்’ என்ற சொல்லை எடுத்தபோதுதான் எனக்குப் பிடிபட்டது. விளையாட்டில் நாம் அடித்து வீழ்த்தும் பூதம், எலி, எலும்புக்கூடு எல்லாமே மாப்தான். கும்பலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் அது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஐயா கேட்டார்: “ஒத்தையா ஒரு எலி வந்தா என்னன்னு சொல்வீங்க?” மாப் என்றேன். “அப்போ கும்பல் எங்கேருந்து வந்துச்சு?” விளையாட்டே தெரியாத மனிதர் சொல்லின் புழக்கத்தை வைத்தே கதையை உடைத்துவிட்டார்.

உண்மைக் கதை இங்கிலாந்தில் இருக்கிறது. 1978-இல் எசெக்ஸ் பல்கலைக்கழக மாணவர் ராய் டிரப்ஷா ‘மட்’ என்ற விளையாட்டை எழுதத் தொடங்கினார். 1980-இல் அதை ரிச்சர்ட் பார்ட்டில் ஏற்று வளர்த்தார். படம் கிடையாது. குகையும் கதவும் சண்டையும் வெறும் எழுத்துதான். இருந்த இடத்தில் கிடக்கும் பொருள்களிலிருந்து தானாக நடமாடும் உயிர்களைப் பிரித்துச் சொல்ல ஒரு பெயர் தேவைப்பட்டது. பார்ட்டில் அவற்றை ‘மொபைல்’ என்றார். அது தேய்ந்து மாப் ஆனது. தேய்ந்ததற்குக் காரணம் மூன்றாவது வரியில் வருகிறது. அந்த விளையாட்டில் வாள் வீசுவதும் தட்டச்சில்தான், கூட்டாளியை எச்சரிப்பதும் அதே தட்டச்சில்தான். நீளமான சொல்லை அடித்து முடிப்பதற்குள் பூதம் உங்களை முடித்துவிடும்.

இதற்குப் பிறகு எந்தச் சொல்லை எடுத்தாலும் நான் முதலில் அந்த விரல்களைத்தான் தேடினேன். ‘அக்ரோ’ சுலபமாகப் பிடிபட்டது. பூதத்தின் கோபம் யார்மேல் இருக்கிறது என்பதற்கான சொல் அது. கவசம் போட்டவன் அக்ரோவைத் தன்மேல் வைத்திருக்க வேண்டும், பின்னால் நிற்கும் வைத்தியன்மேல் பாய விடக்கூடாது. ஐயாவுக்கு இது புதிய சொல்லாகவே இல்லை! 1960களின் இறுதியில் இங்கிலாந்து இளைஞர்கள் கைகலப்புக்கு வைத்த பெயர் அது. வெளிநாட்டுக் கால்பந்துச் செய்திகளில் அவர் படித்திருக்கிறார்.

‘நெர்ஃப்’ அவருக்கு மிகவும் பிடித்த அட்டை. 1969-இல் பார்க்கர் பிரதர்ஸ் என்ற அமெரிக்க நிறுவனம் வீட்டுக்குள்ளேயே எறிந்து விளையாட நுரைப்பந்து ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஜன்னல் உடையாது, தலையில் பட்டாலும் வலிக்காது. அதன் வணிகப் பெயர்தான் நெர்ஃப். 1997-இல் வந்த ‘அல்டிமா ஆன்லைன்’ விளையாட்டில் வாளின் பலத்தைக் குறைத்தார்கள். நுரையால் செய்த வாளைக் கொடுத்துவிட்டார்கள் என்று ஆட்டக்காரர்கள் புலம்பினார்கள். பொம்மையின் பெயர் வினைச்சொல்லாகிவிட்டது. இன்று நம் பையன்கள் “என் ஆளை நெர்ஃப் பண்ணிட்டான்டா” என்கிறார்கள். அந்தப் பந்தை அவர்கள் கண்ணால் பார்த்திருக்க வாய்ப்பில்லை. ‘பண்ணிட்டான்’ யார் என்றால், எங்கோ கொரியாவிலோ அமெரிக்காவிலோ உட்கார்ந்து விதியைத் திருத்துகிறவன். அவனுக்குத் தமிழில் எழுவாய்கூடத் தேவைப்படுவதில்லை.

தொழிலின் கடினமான பாடம் ‘ப்ரோக்’கில் இருந்தது. வாள் வீசும்போது எப்போதாவது தற்செயலாகத் தீப்பொறியோ நஞ்சோ கிளம்பும்; அப்படிக் கிளம்புவதற்குப் பெயர் ப்ரோக். ‘ப்ரோக்ராம்ட் ரேண்டம் அக்கரன்ஸ்’ என்பதன் முதலெழுத்துகள் என்று ஆட்டக்காரர்கள் எல்லாரும் அடித்துச் சொல்வார்கள். சொல்லும் பொருளும் அப்படிக் கச்சிதமாகப் பொருந்துகின்றன. ஐயா அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

“ரொம்ப அழகா இருக்கு தம்பி. சாட்சி உண்டா?”

பள்ளியில் எங்கள் எல்லாருக்கும் சொல்லப்பட்ட ஒரு கதையை நினைவுபடுத்தினார். ‘நியூஸ்’ என்றால் வடக்கு, கிழக்கு, மேற்கு, தெற்கு ஆகிய நான்கு திசைகளின் ஆங்கில முதலெழுத்துகள் என்பது. செய்தித்தாளில் வேலை பார்த்தவருக்கு அதைக் கேட்டாலே எரிச்சல். புதிது என்ற சொல்லின் பன்மை அது, அவ்வளவுதான். முதலெழுத்துகளைச் சேர்த்துப் புதுச் சொல்லாக்கி உச்சரிக்கும் பழக்கம் ஆங்கிலத்தில் பரவலானதே இருபதாம் நூற்றாண்டில்தான்.

ப்ரோக்கின் சாட்சி டென்மார்க்கில் கிடைத்தது. கோபன்ஹேகன் பல்கலைக்கழகக் கணினித் துறை மாணவர்கள் 1991-இல் ‘டிகுமட்’ என்ற விளையாட்டை வெளியிட்டார்கள். அதன் நிரலில் சிறப்புச் செயல்முறைகளுக்கு ‘ஸ்பெக் ப்ரோக்’ என்று சுருக்கமாகப் பெயர் வைத்திருந்தார்கள். ‘ப்ரொசீஜர்’ என்பதன் வெட்டு. 1999-இல் வந்த ‘எவர்குவெஸ்ட்’ அந்த வழியில் நடந்த விளையாட்டு. சொல்லும் கூடவே நடந்து வந்தது. முதலெழுத்துக் கதையை யாரோ பிறகு உட்கார்ந்து தைத்திருக்கிறார்கள்.

இதை வைத்து நானே ஒரு விதி செய்துகொண்டேன். எழுத்து எழுத்தாக உச்சரிப்பது பெரும்பாலும் உண்மைச் சுருக்கம். டி.கே.பி. அப்படித்தான்: எவர்குவெஸ்டில் டிராகனைக் கொன்றவர்களுக்குக் குழு கொடுத்த புள்ளி, பிறகு எந்த விளையாட்டில் எதைக் கொன்றாலும் அதே பெயர். ஒரே சொல்லாக உச்சரித்தால் சந்தேகப்பட வேண்டும். ஐயா கேட்டுவிட்டு, “அப்போ மட்?” என்றார். அது ‘மல்ட்டி யூசர் டன்ஜன்’ என்பதன் முதலெழுத்துகளேதான். ஒரே சொல்லாகத்தான் உச்சரிக்கிறோம். விதி பென்சிலுக்குப் போனது.

நம் ஊருக்கே உரிய சுவை ‘சிசி’யில் இருக்கிறது. மலேசியாவில் சிசி என்றால் சைபர் கஃபே. பள்ளி விட்டதும் போகும் இடம். அங்கே உட்கார்ந்து ‘மேப்பிள்ஸ்டோரி’ ஆடினால், நம் வேட்டைக்களத்தில் நுழைந்தவனிடம் “சிசி ப்ளீஸ்” என்போம். வேறு சானலுக்கு மாறிக்கொள் என்று பொருள். பக்கத்து நாற்காலியில் ‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’ ஆடுகிறவன் சிசி கேட்டால், பூதத்தைச் சற்று நேரம் அசையாமல் கட்டிப்போடச் சொல்கிறான். ஒரே அறை, ஒரே ஒலி, மூன்று பொருள். யாரும் குழம்பியதில்லை. ஐயா மூன்று தனி அட்டைகள் எழுதவைத்தார். ஒன்றுக்கொன்று உறவு கிடையாது, ஒரே அட்டையில் குடிவைக்காதே என்றார்.

‘ராக்னராக் ஆன்லைன்’ ஆட்டத்தில் வரும் எம்.வி.பி. இதைவிட விசித்திரம். அமெரிக்க விளையாட்டுகளில் சிறந்த ஆட்டக்காரருக்கான பட்டம் அது. ராக்னராக்கில் பெரும்பூதத்தை அதிகமாகத் தாக்கியவன் தலைக்குமேல் அந்த எழுத்துகள் மின்னும். நாளடைவில் பட்டம் ஆளைவிட்டுப் பூதத்துக்குப் போய்விட்டது. “எம்.வி.பி. செத்துடுச்சா?” என்று கேட்பவர்கள் கொன்றவனைப் பற்றிக் கேட்பதில்லை. என் பட்டியலிலேயே எனக்குப் பிடித்தது இதுதான். சொல் எப்படி ஆளை மாற்றிக்கொள்கிறது என்பதைக் கண்ணெதிரே காட்டுகிறது.

பங்சார் என்ற பெயரையும் ஒரு நாள் அட்டையில் ஏற்றச் சொன்னார். இங்கே ரப்பர் தோட்டம் இருந்தது. புங்கே, கிரிசார் என்ற இரண்டு முதலாளிகளின் பெயர் ஒட்டித் தேய்ந்து பங்சார் ஆனது என்பார்கள். இது ப்ரோக் கதையிலிருந்து எப்படி வேறுபடுகிறது என்று கேட்டார். யோசித்துச் சொன்னேன்: இதில் வெட்டு சமமாக இல்லை, நாக்கில் பட்டு இஷ்டத்துக்குத் தேய்ந்திருக்கிறது, ப்ரோக் கதையில் ஓர் எழுத்துகூடச் சிந்தவில்லை. தலையாட்டினார். ஆனாலும் தோட்டத்தின் பெயர் அச்சான பழைய தாளைக் கண்ணால் பார்க்கும்வரை பென்சில்தான் என்றுவிட்டார்.

இப்போது சிக்கியிருப்பது ‘தாப்பாவ்’. கடையில் சாப்பாட்டைப் பொட்டலம் கட்டி வாங்குவதற்குச் சீனரிடமிருந்து நாம் எல்லாரும் எடுத்துக்கொண்ட சொல். ஆட்டத்தில் மோசமாகத் தோற்றால் “தாப்பாவ் ஆயிட்டோம்” என்கிறார்கள். ‘மொபைல் லெஜண்ட்ஸ்’ ஆடுகிறவர்களிடம் கேட்கிறேன். அது இதுவரை எடுத்த விளையாட்டுகளைப் போலப் பாத்திரமேற்று ஆடும் வகை இல்லைதான், ஆனால் பேசுகிற வாய் அதே வாய். சங்கடம் என்னவென்றால், இவர்கள் தட்டச்சு செய்வதில்லை. விரல் திரையில் இருக்க, வாயால் கத்துகிறார்கள். பழைய ஆட்டங்களின் பேச்சு கோப்பிலும் திரைப்பிடிப்பிலும் தேதியோடு கிடைத்தது. இது காற்றில் போய்விடுகிறது.

“அப்போ நீ போய் உட்கார்ந்து எழுது” என்றார் ஐயா. தெலாவி சாலை மாமாக் கடையில் தே தாரிக்கோடு உட்கார்ந்து, நண்பர்களோடு நான் ஆடியபோது காதில் விழுந்ததைத் தேதி, இடம், நேரத்தோடு எழுதிக் கொண்டுபோனேன். படித்துப் பார்த்தார்.

“சொன்னது யாரு?”

“நான்தான் ஐயா. தோத்தப்போ சொன்னேன்.”

“அகராதி எழுதுறவனும் நீ, சாட்சியும் நீயா? பக்கத்து மேசைக்காரன் தோக்குற வரைக்கும் உட்காரு.”