துளசிமதியின் இடக்கை

பூப்பந்தாட்டத்தில் உழைப்பது மட்டை பிடித்த கை ஒன்றே என்று பார்ப்பவர் எண்ணுவர். யோங் பெங்கில் மாலை வேளைகளில் ஆடும் இளைஞரைச் சற்று உற்று நோக்கினால் மறு கையின் பணி விளங்கும். பந்தை ஓங்கி அடிக்குமுன் அக்கை மேலே உயர்ந்து பந்தை நோக்கி நீள்கிறது. உடல் சுழல விசை தருகிறது. வலையருகே பாய்ந்து குனியும்போது பின்னே நீண்டு உடல் சாயாமல் காக்கிறது. சர்வீஸ் எனப்படும் தொடக்க அடியின்போது பந்தை ஏந்தி நிற்பதும் அதுவே. அந்தக் கையே பிறவியில் குறையுற்றிருப்பின் ஆட்டம் என்னாகும்?

காஞ்சிபுரத்தில் 2002ஆம் ஆண்டு பிறந்த துளசிமதி முருகேசனுக்கு இடக்கை அவ்வாறே அமைந்தது. கூலி வேலை செய்து குடும்பம் காத்த தந்தையே தம் பெண்மக்கள் இருவருக்கும் ஆசானாக நின்று ஆட்டம் பயிற்றினார். (தமிழகத்தார் இதனை இறகுப்பந்து என்பர், அங்கே பூப்பந்து என்பது வேறோர் ஆட்டம்.) உறுப்புக் குறையுள்ள பிள்ளையை விளையாட்டுப் போட்டி நாளன்று நிழலில் அமர்த்தி, புள்ளி குறிக்கும் தாளைக் கையில் கொடுத்துவிடுவது பள்ளிகளில் நெடுங்காலமாக நிலவிவரும் பரிவு. அது பரிவுதானா என்பது ஐயத்திற்குரியது. அந்தத் தந்தை மகளின் கையில் கொடுத்தது மட்டையை.

உடற்குறையுடையோர் பூப்பந்தில் எஸ்.யூ.5 என்றொரு பிரிவு உண்டு. கையில் குறையுடையோர் நின்றாடும் பிரிவு அது. ஆடுகளம் முழு அளவு. வலையின் உயரத்திலும் சலுகை இல்லை. நம் நாட்டின் சியா லியெக் ஹாவ் 2021இல் தோக்கியோவிலும் 2024இல் பாரிசிலும் பாராலிம்பிக் தங்கம் வென்றது இதன் ஆடவர் பிரிவிலேதான்.

மகளிர் பிரிவில் தோக்கியோத் தங்கம் சீனத்தின் யாங் சியூசியாவுக்குரியது. அவரை 2023ஆம் ஆண்டு ஹாங்சோவில் நடைபெற்ற ஆசியப் பாரா போட்டியின் இறுதியாட்டத்தில் துளசிமதி 21-19, 21-19 என வென்றார். அப்போது அவர் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி மாணவியும் ஆவார்.

அடுத்த ஆண்டு பாரிஸ். அரையிறுதியில் வலைக்கு அப்பால் நின்றவரும் தமிழ்ப் பெண்ணே. திருவள்ளூரைச் சேர்ந்த மனிஷா இராமதாஸ், பிறப்பின்போதே வலக்கை நரம்பு பாதிப்புற்றவர். 2022இல் உலக வாகை சூடியவர். ஒருவருக்கு இடக்கை, மற்றவருக்கு வலக்கை. வென்றவர்க்குப் பதக்கம் உறுதி; தோற்றவரோ மறுநாள் மீண்டும் போராட வேண்டும். யார் பக்கம் நின்று கைதட்டுவது எனத் தமிழர் திகைத்திருக்கக்கூடிய ஆட்டம் அது. 23-21, 21-17 எனத் துளசிமதி வென்றார்.

மறுநாள், செப்டம்பர் 2ஆம் நாள், யாங் சியூசியா பழைய கணக்கைத் தீர்த்துக்கொண்டார். 21-17, 21-10 என்ற புள்ளிகளில் ஐயத்திற்கு இடமில்லை. துளசிமதிக்கு வெள்ளி. அன்றே மனிஷா டென்மார்க் வீராங்கனையை 21-12, 21-8 என வீழ்த்தி வெண்கலம் பெற்றார். வெற்றிமேடையில் சீனப் பெண்ணின் இருபுறமும் தமிழ்ப் பெண்கள் நின்றனர்.